டாக்டரின் கை எங்கே பழகுகிறது?
காது அறுவைச் சிகிச்சைப் பயிற்சி பற்றி ஒரு பாடம்



சென்ற ரமழானுக்கு இரண்டு வாரம் முன்பு, அசர் தொழுகை முடிந்த நேரம், நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு ஒரு தந்தை வந்தார். ஏழு வயது மகளுக்கு இரண்டு வருடமாகக் காதில் சீழ். காதுக்குப் பின்னால் எலும்பைக் குடைந்து ஆபரேஷன் செய்யவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மருத்துவ உதவி விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு எழுந்தவர், கதவருகே நின்று திரும்பினார். "செயலாளர் பாய், தப்பா நினைக்காதீங்க. டாக்டர் சின்ன வயசுக்காரரா இருக்கார். இதுக்கு முன்னாடி யார் காதுல பழகினாரோ? எம் புள்ள காதுலதான் பழகப் போறாரா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "அல்லாஹ் லேசாக்குவான், பயப்படாதீங்க" என்று அனுப்பிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி நியாயமானது. படித்தவர்கள் கேட்கக் கூச்சப்படுகிற கேள்வியை அவர் கேட்டுவிட்டார். அதன்பிறகு காது மருத்துவர்கள் இருவரிடம் விசாரித்தும், கிடைத்ததைப் படித்தும் தெரிந்துகொண்டதை உங்களுக்குச் சொல்லவே இந்தக் கட்டுரை.

முதலில் அந்த எலும்பைப் பற்றி. காதுமடலுக்குப் பின்னால் விரலை வைத்தால் ஒரு மேடு தட்டுப்படும். மண்டையோட்டின் இரு பக்கமும் இருக்கும் பொட்டெலும்பின் ஒரு பகுதி அது. டாக்டர்கள் டெம்போரல் எலும்பு என்பார்கள். மேட்டுக்குள்ளே தேனடைபோலக் காற்று அறைகள். இன்னும் உள்ளே போனால் எலும்பு பாறைபோல் இறுகிவிடும். நம் உடலில் மிக இறுக்கமான எலும்புகளில் அதுவும் ஒன்று. அந்தப் பாறைக்குள்தான் நம் செவி இருக்கிறது. செவிப்பறைக்கு உள்பக்கம் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று சிற்றெலும்புகள். அங்கவடியின் உயரம் சுமார் 3 மி.மீ.தான், ஒரு அரிசியின் பாதிகூட இல்லை. அதற்கப்பால் நத்தைக் கூடுபோல் இரண்டரைச் சுற்றுக்குமேல் சுருண்ட காக்லியா. ஒரு விஷயம் எனக்கு வியப்பாக இருந்தது. குழந்தை பிறக்கும்போதே காக்லியா பெரியவர்களுக்கு இருக்கும் அளவில் இருக்கிறதாம். பிறகு அது வளர்வதில்லை. நம் வீடுகளில் பிறந்த பிள்ளையின் வலக்காதில் பாங்கும் இடக்காதில் இகாமத்தும் சொல்கிறோமே, அந்தச் சத்தம் போய்ச் சேரும் இடம் அன்றைக்கே முழு அளவில் தயாராக இருக்கிறது. சுப்ஹானல்லாஹ்.

இவ்வளவு சின்ன இடத்தில் ஆபத்தான அண்டை வீட்டார்கள் பலர். மேலே ஒரு மெல்லிய எலும்புத் தகடு. அதற்கு மேல் மூளை. பின்னால், மூளையிலிருந்து கழுத்துக்கு இரத்தத்தை இறக்கும் பெரிய சிரைக் குழாய். நடுவே, எலும்புக்குள்ளேயே ஒரு குழாய் வழியாக வளைந்து இறங்குகிறது முகநரம்பு. கண்ணை மூடுவதும், சிரிப்பதும், வாயில் தண்ணீரை அடக்குவதும் இந்த நரம்பின் வேலை. அது அறுந்தால் அந்தப் பக்கத்து முகம் தொங்கிவிடும், கண் மூடாது. பக்கத்திலேயே உடம்பின் சமநிலையைக் காக்கும் அரைவட்டக் குழாய்கள். அவற்றில் துளை விழுந்தால் தலைசுற்றலோடு கேள்வியும் போகலாம்.

அப்படியானால் ஏன் அங்கே டிரில்லை வைக்கிறார்கள்? சீழ் வடியும் காதுகளில் சிலவற்றில் கொலஸ்டியடோமா என்ற ஒன்று உருவாகும். பெயரைப் பார்த்துக் கொலஸ்டிராலோடு முடிச்சுப் போடவேண்டாம், புற்றுநோயும் அல்ல. செவிப்பறைத் தோல் உள்நோக்கி வளர்ந்து பை போலாகி, சுற்றியுள்ள எலும்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கிறது. விட்டுவைத்தால் சிற்றெலும்புகள் கரையும், முகநரம்பு பாதிக்கப்படும், சீழ் மூளைக்கே ஏறலாம். மருந்தால் இதைக் கரைக்க முடியாது. எலும்பைத் திறந்து அந்தப் பையை முழுக்க எடுத்தாகவேண்டும். நாற்றமடிக்கும் சீழ் மாதக்கணக்கில் வந்தும், காய்ச்சிய எண்ணெயை ஊற்றிக்கொண்டே இருக்கும் வீடுகள் நம் தெருக்களில் இன்னும் உண்டு. தயவுசெய்து நிறுத்துங்கள். செவிப்பறையில் ஓட்டை உள்ள காதில் ஊற்றியது உள்ளே போய்விடும்.

இப்போது அந்தத் தந்தையின் கேள்விக்கு வருகிறேன். டாக்டர் எங்கே பழகுகிறார்?

இறந்தவரின் எலும்பில். ஒளித்துச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. எம்.எஸ். காது-மூக்கு-தொண்டை மேற்படிப்பு மூன்று ஆண்டு. அதில் பொட்டெலும்பை அறுத்துப் பழகுவது பாடத்திட்டத்தின் ஒரு பகுதி. இதற்கென்று தனியாகப் பயிற்சிக் கூடம் வேண்டும். ஒவ்வொரு மேஜையிலும் ஒரு நுண்ணோக்கி, நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்றுச் சுற்றும் ஒரு டிரில், தண்ணீர் விடும் குழாய், உறிஞ்சும் குழாய். கிண்ணம்போன்ற ஒரு பிடிப்பானில், பதப்படுத்திய எலும்பைத் திருகி இறுக்கி வைப்பார்கள், அறுவை மேஜையில் நோயாளியின் தலை எந்தச் சாய்வில் இருக்குமோ அதே சாய்வில். பயிற்சி மருத்துவர் முகக்கவசம் போட்டுக்கொண்டு உட்காருவார். எலும்புத்தூள் பறக்கும்.

முதலில் பெரிய வெட்டுப் பல் கொண்ட டிரில்முனை. மேலே மூளைத் தகட்டை அடையாளம் கண்டு, பின்னால் சிரைக் குழாயின் மேலுள்ள எலும்பைக் கண்டு, காது வாய்க்காலின் பின்சுவரை மெலிதாக்கிக்கொண்டு உள்ளே இறங்கவேண்டும். பிறகு சின்ன முனை. நரம்பை நெருங்கியதும் வைரத்தூள் பதித்த முனை. அது வெட்டாது, தேய்க்கும். தண்ணீர் நிற்கவே கூடாது. நின்றால் டிரில்லின் சூடே நரம்பைச் சுட்டுவிடும். முகநரம்பின் மேல் முட்டையோடு கனத்துக்கு எலும்பை விட்டுவைத்து, அதன் வழியே நரம்பின் தடத்தைப் பார்க்கப் பழகவேண்டும். மெலிந்த தகட்டை டிரில் நெருங்கும்போது சத்தத்தின் சுருதி மாறுமாம். கேட்கும் உறுப்பைச் சரிசெய்ய, செய்பவரின் காதும் பழகவேண்டியிருக்கிறது!

இந்தக் கூடத்தின் பயன் இதுதான்: இங்கே நரம்பை வெட்டினால் யாருடைய முகமும் கோணுவதில்லை. பயிற்சியாளர் நுண்ணோக்கியைத் தன் பக்கம் திருப்பி, எங்கே தவறினாய், ஏன் தவறினாய் என்று காட்டுவார். அடுத்த எலும்பில் அந்தத் தவறு குறையும். ஒரே எலும்பில் யாரும் கற்றுவிடுவதில்லை. பல எலும்புகள் வேண்டும். புத்தகத்தில் படம் தட்டையாக இருக்கிறது, ஆழம் கைக்கும் கண்ணுக்கும் சேர்ந்து தெரியவேண்டிய ஒன்று. நம் ஊர்த் தையல்கடையில் புதிதாகச் சேர்ந்த பையனை முதல்நாளே கல்யாண ஷேர்வானியில் கத்தரி வைக்க விடுவார்களா? பழைய துணியில்தான் ஆரம்பம்.

ஒரு குறை உண்டு. பதப்படுத்திய எலும்பில் இரத்தம் வராது. உயிருள்ள காதில் ஒவ்வொரு அடியிலும் இரத்தம் கசிந்து பார்வையை மறைக்கும். ஆகவே கூடத்தில் பழகியவர் நேரே தனியாக ஆபரேஷன் செய்ய வருவதில்லை. மூத்தவருக்குப் பக்கத்தில் நின்று பார்த்து, கைகொடுத்து, பிறகு எளிய பகுதிகளை அவர் கண்முன்னே செய்து, அதன்பிறகே முழு ஆபரேஷன்.

இது இன்று வந்த எண்ணம் அல்ல. ஸ்பெயினில் குர்துபா நகரை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவைச் சேர்ந்தவர் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர். முப்பது பாகங்கள் கொண்ட அவருடைய அத்தஸ்ரீஃப் நூலின் கடைசிப் பாகம் அறுவை மருத்துவம் பற்றியது. கருவிகளின் படங்களைக்கூட வரைந்து சேர்த்திருக்கிறார். காதுக்குள் கல்லோ பூச்சியோ போய்விட்டால் எடுக்கும் வழிகள் அதில் உண்டு. எதற்கும் வராவிட்டால் காதுமடலின் அடியில் பிறைபோலக் கீறி எடுப்பதையும் சொல்கிறார். எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது அந்தப் பாகத்தின் முன்னுரை. உடற்கூறு தெரியாமல் கத்தி எடுப்பவர்களை அங்கே கடிந்துகொள்கிறார். ஒரு பெண்ணின் கழுத்துக் கட்டியை அறியாத வைத்தியன் ஒருவன் அறுக்கப்போய் நாடியை வெட்டிவிட, அவள் இரத்தம் வடிந்தே இறந்ததைத் தாம் கண்டதாக எழுதுகிறார். மருத்துவம் கற்றறியாமல் வைத்தியம் பார்ப்பவனே அதன் சேதத்துக்குப் பொறுப்பாளி என்ற கருத்தில் அபூதாவூதில் ஒரு நபிமொழி இருப்பதை ஆலிம்கள் அறிவார்கள்.

காதுக்கென்று தனிக்கலை ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டில் வளர்ந்தது. லண்டனில் ஜோசப் டாயின்பீ என்ற மருத்துவர் ஏறக்குறைய இரண்டாயிரம் காதுகளை அறுத்து ஆராய்ந்தவர். 1866-இல் காது இரைச்சலுக்கு மருந்து தேடித் தம்மேலேயே குளோரோஃபார்மைச் சோதித்து இறந்துபோனார். காது அறுவையில் நுண்ணோக்கியை முதன்முதலில் வைத்தவர் சுவீடனின் நைலேன், 1921-இல். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸில் வில்லியம் ஹவுஸ் வந்தார். அவர் முதலில் பல் டாக்டர்! பல் துளைக்கும் கை காதெலும்புக்கு வந்தது. 1961-இல் செவித்திறன் இல்லாதவர்களுக்குக் காக்லியர் கருவி பொருத்தியவரும் அவரே. ஹவுஸ் குடும்பத்தாரின் நிறுவனத்தில் நடந்த எலும்புப் பயிற்சி வகுப்புகளுக்கு உலகம் முழுவதிலுமிருந்து டாக்டர்கள் போய் வந்தார்கள்.

இன்று அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. நமக்கு 85 கிலோமீட்டர் தூரத்தில் வேலூர் சி.எம்.சி.யில் இந்தப் பயிற்சி நடக்கிறது. சென்னையில் பத்மஸ்ரீ விருது பெற்ற டாக்டர் மோகன் காமேஸ்வரன் நிறுவிய மெட்ராஸ் இ.என்.டி. ரிசர்ச் ஃபவுண்டேஷனில் நடக்கிறது. சென்னை மருத்துவக் கல்லூரியிலும் காது-மூக்கு-தொண்டைக்கென்று தனி உயர்நிலை நிறுவனம் இருக்கிறது. வேலை பார்த்துக்கொண்டிருக்கும் டாக்டர்களும் சில நாள் விடுப்பு எடுத்து, கட்டணம் கட்டி, இப்படிப்பட்ட முகாம்களில் மறுபடி எலும்பின்முன் உட்காருகிறார்கள். ஒரு டாக்டர் "டிரெய்னிங் போயிருக்கிறார்" என்று கிளினிக் வாசலில் சொன்னால் முணுமுணுக்காதீர்கள்.

இனி, எழுதலாமா வேண்டாமா என்று நான் யோசித்த பகுதி. அந்த எலும்புகள் யாருடையவை?

தம் உடலைத் தானமாக எழுதிவைத்தவர்களுடையவை. யாரும் கேட்டு வராத, மாநிலத்தின் உடற்கூறியல் சட்டப்படி மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்கப்பட்டவர்களுடையவை. அநேகமாக வேறு சமுதாயத்தார். நம் மையித்தை நாம் குளிப்பாட்டி, கஃபனிட்டு, சீக்கிரமாக கபர்ஸ்தானில் அடக்கிவிடுகிறோம். அது நம் மீது கடமை. இறந்தவரின் எலும்பை முறிப்பது உயிரோடிருப்பவரின் எலும்பை முறிப்பது போன்றது என்ற கருத்தில் ஆயிஷா நாயகி (ரலி) வழியாக ஹதீஸ் வந்திருக்கிறது. அதனால் நம் நாட்டு ஆலிம்களில் பலர் இந்த விஷயத்தில் மிகவும் பேணுதலாக இருக்கிறார்கள். இன்னொரு பக்கம், மக்காவில் ராபிதாவின் ஃபிக்ஹு சபை 1987-இல் கூடியபோது, மருத்துவக் கல்விக்காக மையித்தை அறுப்பதற்குத் தேவையின் பேரில் இடம் கொடுத்தது. நிபந்தனைகள் உண்டு: இன்னார் என்று தெரிந்த உடலானால், உயிரோடிருக்கையில் அவரோ, பின்னர் வாரிசுகளோ சம்மதித்திருக்கவேண்டும்; தேவைக்கு மிஞ்சக் கூடாது; பெண்ணின் உடலைப் பெண் மருத்துவர்களே கையாளவேண்டும், அப்படி யாரும் கிடைக்காவிட்டால் ஒழிய; அறுத்த உறுப்புகள் அனைத்தும் அடக்கம் செய்யப்படவேண்டும்.

நான் ஃபத்வா சொல்லத் தகுதியுள்ளவன் அல்ல. மதரஸாவில் சில வருடம் ஓதியவன், அவ்வளவுதான். உடலை எழுதிக்கொடுங்கள் என்று இந்த இதழ் யாரையும் கேட்கவில்லை. ஆனால் நம் பிள்ளையின் காதைத் திறக்கும் கை, முகம் தெரியாத யாரோ ஒருவரின் எலும்பில் பழகிய கை. அந்த உண்மையை அறியாமலே நாம் அதன் பலனை வாங்கிக்கொண்டிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நம் ஊர் ஆலிம்கள் ஒரு நாள் மருத்துவர்களையும் அழைத்து வைத்து இதைப் பேசினால் நல்லது.

எலும்புக்கு எங்கேயும் தட்டுப்பாடுதான். ஆகவே மாற்றுவழிகளும் வந்திருக்கின்றன. ஸ்கேன் படத்தை வைத்து, முப்பரிமாண அச்சில் பிளாஸ்டிக் எலும்பு செய்கிறார்கள். டென்மார்க்கின் கோபன்ஹேகனில் உருவாக்கிய ஒரு கணினிப் பயிற்சி நிரல் இலவசமாகவே கிடைக்கிறது. இன்னொன்று நமக்கு மிகவும் தெரிந்த பொருள்: ஆட்டுத் தலை. ஆட்டின் சிற்றெலும்புகள் அமைப்பில் மனிதனுடையதை ஒத்திருப்பதால், செவிப்பறை ஒட்டவும் சிற்றெலும்பு வேலைக்கும் பயிற்சி மருத்துவர்கள் கறிக்கடையிலிருந்து தலையை வாங்கிப் பழகுகிறார்கள். பின்காது எலும்பு வேலைக்கு மட்டும் அது உதவாது. மனிதனுக்கு இருப்பதுபோல் காற்றறைகள் ஆட்டுக்கு இல்லை. நம் கடைக்காரச் சகோதரர்களிடம் டாக்டர் யாராவது காதோடு முழுத் தலை கேட்டு வந்தால், தலைக்கறிக் குழம்புக்கு என்று நினைத்து வெட்டிக் கொடுத்துவிடாதீர்கள்!

ஆபரேஷனுக்கு முன் டாக்டரிடம் என்ன கேட்கலாம்? மரியாதையாக, ஆனால் கூசாமல் கேளுங்கள். ஆபரேஷனைச் செய்வது நீங்களா, பயிற்சி மருத்துவரா, பக்கத்தில் மூத்தவர் இருப்பாரா என்று. முகநரம்பு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, சி.டி. ஸ்கேன் பார்த்தாயிற்றா என்று. நோயை எடுப்பது ஒன்று, கேள்வியைத் திரும்பக் கொண்டுவருவது வேறொன்று. இரண்டும் ஒரே ஆபரேஷனில் நடக்குமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். சிலருக்கு இரண்டாவது முறை திறந்து பார்க்கவேண்டிவரும். அதை முதலிலேயே தெரிந்துகொள்ளாத குடும்பங்கள், டாக்டர் ஏமாற்றிவிட்டார் என்று நம் அலுவலகத்துக்கு வந்திருக்கின்றன.

பிறவியிலேயே காது கேளாத குழந்தைகள் விஷயம் தனி. அங்கே நேரம்தான் எல்லாம். பிறந்த ஒரு மாதத்துக்குள் செவிச் சோதனை, சந்தேகமிருந்தால் மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்தல், ஆறு மாதத்துக்குள் கருவியோ பயிற்சியோ தொடங்குதல் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. காக்லியர் கருவி தேவைப்படும் 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு, 2012-இல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் 6 என்பது திட்டத்தின் எல்லை, மூளையின் எல்லை அல்ல. மூளை மொழியைப் பிடித்துக்கொள்வது முதல் இரண்டு மூன்று வருடத்தில். ஐந்தரை வயதில் ஓடிவந்து ஃபாரம் கேட்பவர்களைப் பார்த்து மனம் கனத்திருக்கிறேன். "ஆம்பளப் புள்ள, பேச்சு லேட்டாத்தான் வரும்" என்று பெரியம்மாக்கள் சொல்வதைக் கேட்டு உட்கார்ந்திருக்கவேண்டாம். சொந்தத்துக்குள் மாறி மாறிப் பெண் எடுத்துக் கொடுத்த குடும்பங்களில் பிறவிச் செவிட்டுத் தன்மைக்கு வாய்ப்பு கூடுதல். நம்மிலும் உண்டு, அக்கம்பக்கத்துச் சமுதாயங்களிலும் உண்டு. அந்த வீடுகளில் பிறக்கும் பிள்ளைக்குச் செவிச் சோதனையைத் தவறவே விடாதீர்கள்.

முதலில் நம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காதுப் பிரிவில் காட்டுங்கள். அங்கிருந்து எழுதிக்கொடுத்தால் வேலூரோ சென்னையோ போகலாம். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று, பழைய சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரே பையில் வைத்துக்கொள்ளுங்கள். பௌர்ணமிக்கும் தீபத்துக்கும் முன்பின் நாட்களில் பஸ்ஸில் நிற்கவும் இடமிருக்காது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் தேதியைப் பார்த்து அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள். போக்குவரத்துச் செலவுக்கு அறக்கட்டளை உதவும், இன்ஷா அல்லாஹ். ஜும்ஆவுக்குப் பின் அலுவலகத்தில் ஃபாரம் கிடைக்கும்.

அந்தத் தந்தை டாக்டரிடம் கேட்டேவிட்டார். டாக்டர் கோபப்படவில்லையாம். தன் கைப்பேசியில், பயிற்சிக் கூடத்தில் தான் குடைந்த எலும்பின் படத்தைக் காட்டி, முகநரம்பு எங்கே ஓடுகிறது என்று விரல் வைத்து விளக்கியிருக்கிறார். ஷவ்வால் மாதம் ஆபரேஷன் நடந்தது. மூத்த மருத்துவர் பக்கத்தில் இருந்தார். கட்டுப் பிரித்த அன்று டாக்டர் முதலில் அந்தப் பிள்ளையைக் கண்ணை மூடச் சொன்னார், பிறகு சிரிக்கச் சொன்னார், இரண்டையும் செய்தாள். சீழ் நின்றுவிட்டது. கேள்விச் சோதனைக்கு அடுத்த மாதம் மறுபடி போகவேண்டும்.